இப்ப என்ன வாசிக்கிறியள்?

கொஞ்ச நாட்களுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு நூல் வெளியீட்டுக்கு நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். மங்கல விளக்கு, அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள், நயவுரை, ஏற்புரை, நன்றியுரை. மூன்று மணி என்று அழைப்பிதழில் போட்டது நாலு மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடிந்தது. சிறப்புப் பிரதி வாங்குவதற்கு மட்டும் இருபது பேருக்கு மேல் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று அந்த மூன்று மணித்தியாலத்தில் ஒரு பத்து நிமிடம் பேசியிருப்பார்கள்.

தேத்தண்ணி குடிக்கிற நேரம் எங்களில் ஒருத்தி, மேடையில் இருந்த பெரியவர் ஒருவரிடம் போய், "ஐயா, இப்ப என்ன வாசிக்கிறியள்?" என்று கேட்டாள். வம்புக்கு இல்லை. உண்மையிலேயே அறிய விருப்பத்தில்தான் கேட்டாள். அவர் கொஞ்சம் திகைத்துப் போனார். "இப்பவோ? இப்ப எங்கை பிள்ளை நேரம்" என்று சிரித்தார். பிறகு, கேட்காமலே, நாங்கள் கட்டாயம் வாசிக்க வேண்டிய புத்தகங்களை அடுக்கத் தொடங்கினார். பத்தோ பன்னிரண்டோ சொல்லியிருப்பார். எல்லாம் நல்ல புத்தகங்கள்தான். எல்லாம் அவர் எங்கட வயதில் வாசித்தவை. கடைசியாக, "உங்கட தலைமுறைதான் ஒண்டும் வாசிக்கிறேல்லை" என்று சொல்லிவிட்டு இரண்டாவது வடையை எடுத்தார்.

அவரைப் பகிடி பண்ணுவதற்காக இதை எழுதவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அதே கேள்வியை எங்களுக்குள்ளே கேட்டுப் பார்த்தோம். நாலு பேரில் ஒருத்தி மட்டும் உடனே பதில் சொன்னாள். இரண்டு பேர் போன வருடம் வாசித்தவற்றைச் சொன்னோம். ஒருவன் பையில் புத்தகத்தோடுதான் இருந்தான். ஆனால், "இன்னும் முடிக்கேல்லை, முடிச்சிட்டுச் சொல்லுறன்" என்றான்.

இந்தக் கட்டுரை அந்த "முடிச்சிட்டுச் சொல்லுறன்" என்பதற்கு எதிரானது. வாசித்து முடித்தவர்கள்தான் புத்தகத்தைப் பற்றிக் கதைக்கலாம், அவர்களில் பெரியவர்கள்தான் மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கலாம் என்று எங்களுக்குள் ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் எங்கட வாசிப்பைக் கொல்லுகிறது என்பது எங்கட நிலைப்பாடு.

844 புத்தகங்கள்

ஒவ்வொரு வருடமும் மே 31 இரவு எங்கட போன்களில் ஒரே படம் வரும். எரிந்து கரிபிடித்து நிற்கிற யாழ். பொது நூலகம். 1981இல் அந்த இரவு வைக்கப்பட்ட தீயில் ஏறக்குறைய 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. எங்களில் ஒருவரும் அப்போது பிறந்திருக்கவில்லை. எங்கட அம்மா அப்பாமாரே அப்போது சின்னப் பிள்ளைகள். இருந்தாலும் படத்தைப் போடுகிறோம், கீழே இரண்டு வரி எழுதுகிறோம், அடுத்த நாள் மறந்துபோகிறோம்.

நினைவுகூர வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. யார் எரித்தார்கள், ஏன் எரித்தார்கள் என்பது மறக்கக்கூடாத விஷயம். ஆனால் அந்த நூலகம் எப்படி அழிந்தது என்று தெரிந்த அளவுக்கு, அது எப்படித் தொடங்கியது என்று எங்கட வயதுக்காரருக்குத் தெரியாது. எங்கட கூட்டத்தில் கேட்டோம், ஒருவருக்கும் தெரியவில்லை.

1933இல் கே. எம். செல்லப்பா என்ற ஒருவர் தன் வீட்டில் இருந்த புத்தகங்களை மற்றவர்களுக்கு வாசிக்கக் கொடுக்கத் தொடங்கினார். அவ்வளவுதான் தொடக்கம். அடுத்த வருடம் வேறு சிலரும் சேர்ந்து ஒரு குழு அமைத்து, ஆஸ்பத்திரி வீதியில் ஓர் அறையை எடுத்தார்கள். அங்கே இருந்தவை 844 புத்தகங்களும் முப்பது அளவிலான பத்திரிகைகள், சஞ்சிகைகளும். இன்று நாங்கள் படம் எடுக்கிற வெள்ளைக் கட்டடம் திறக்கப்பட்டது அதற்கு இருபத்தைந்து வருடங்களுக்குப் பிறகு, 1959இல்.

844 என்ற எண்ணை யோசித்துப் பாருங்கள். எங்கட பல்கலைக்கழக விடுதியின் ஒரு மாடியில் இருக்கிற எல்லோரும் தங்கட அறைகளிலும் வீடுகளிலும் இருக்கிற புத்தகங்களைக் கொண்டுவந்து போட்டால், 844 வந்துவிடும். தென்னாசியாவில் பேசப்பட்ட ஒரு நூலகம், ஒரு மனிசன் தன் வீட்டு வாசலில் நின்று "இதைக் கொண்டுபோய் வாசி, பேந்து கொண்டுவா" என்று சொன்னதிலிருந்து வந்தது. எரிந்த கட்டடத்துக்காக அழுகிற நாங்கள், அந்த வாசலை எங்கட வீடுகளில் மூடி வைத்திருக்கிறோம். எத்தனை வீடுகளின் விறாந்தைகளில் கண்ணாடி அலுமாரிக்குள் புத்தகங்கள் பூட்டிக் கிடக்கின்றன? திறப்பு அப்பாவிடம். கேட்டால், "குடுத்தால் திரும்பி வராது" என்று பதில் வரும்.

எங்களில் ஒருத்தி படித்த பள்ளிக்கூடத்தில் நல்ல நூலகம் இருந்தது. அலுமாரிகளும் இருந்தன, அவற்றுக்குப் பூட்டும் இருந்தது. பிள்ளைகள் எடுத்தால் பழுதாகிவிடும் என்பதுதான் காரணம். அவள் அங்கே படித்த ஆறு வருடத்தில் நூலகத்திலிருந்து எடுத்து வாசித்தவை மூன்று புத்தகங்கள். அந்தப் புத்தகங்கள் எல்லாம் இன்றைக்கும் புதிதாகத்தான் இருக்கும்.

அந்தக் கேள்வி யாருடையதாக இருந்தது

ஆனால் எல்லாவற்றுக்கும் கஞ்சத்தனமோ சோம்பலோ காரணம் என்று சொன்னால் அது அநியாயம். எங்கட ஊரில் "என்ன வாசிக்கிறாய்?" என்ற கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது நண்பர்களின் கேள்வியாக இல்லாமல் விசாரணைக் கேள்வியாக இருந்த காலம் நீண்டது.

எங்கட வீடுகளில் இந்தக் கதைகள் இருக்கின்றன, கேட்டால் மெதுவாகச் சொல்லுவார்கள். ஆமி வருகுது என்று பயந்து கிணற்றடியில் வைத்துப் புத்தகங்களை எரித்த அம்மம்மா. பொலித்தீன் பையில் சுற்றி வாழைக்குக் கீழே தாட்ட மாமா. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது எதைச் சைக்கிளில் கட்டுவது, எதை விடுவது என்று நின்ற பெரியப்பா. சோதனைச் சாவடியில் பையைத் திறந்து கொட்டுகிறவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகவே எந்தத் தமிழ்ப் புத்தகமும் சந்தேகமான புத்தகம்தான்.

பயம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை. எங்கட பல்கலைக்கழகத்தில் கற்பித்த நாலு பேர் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை'யை எடுங்கள். அரசு, இந்தியப் படை, இயக்கங்கள் எல்லோருடைய வன்முறையையும் பற்றி எழுதிய புத்தகம் அது. எழுதியவர்களில் ஒருவரான ரஜனி திராணகம, அது நூலாக வெளிவர முன்னரே, 1989 செப்டெம்பர் 21 அன்று திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாங்கள் ஒவ்வொரு நாளும் விரிவுரைக்குப் போகிற அதே ஊர். எழுதினவருக்கே அந்தக் கதி என்றால், அந்தப் புத்தகம் கையில் இருக்கிறது என்று யார் வாய் திறந்து சொல்லுவார்கள்?

அதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2020 மே மாதம் அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் கவிஞர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். அவர் ஓர் ஆசிரியர். அவருக்கு எதிராக முன்வைக்கப்பட்டது அவர் எழுதிய 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பு. ஒன்றரை வருடத்துக்கு மேல் அடைத்து வைத்துவிட்டு, 2021 டிசெம்பரில் பிணையில் விட்டார்கள். 2023 டிசெம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. எங்களைவிடச் சில வயது மட்டும் கூடிய ஒருவர் ஒரு கவிதைப் புத்தகத்துக்காக இழந்த வருடங்கள் அவை.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த அம்மாமார் "உந்தப் புத்தகத்தை பஸ்ஸிலை விரிச்சு வைச்சிருக்காதை" என்று சொல்லுவதை நாங்கள் இப்போது வேறுமாதிரி விளங்கிக்கொள்கிறோம். வாசிப்பதை ஒளிக்கிறது எங்கட சமூகம் உயிர் தப்புவதற்காகப் பழகிய பழக்கம். ஆனால் உயிர் தப்பப் பழகிய பழக்கத்தை, தேவை குறைந்த பிறகும் பண்பாடு என்று வைத்துக்கொண்டிருக்க முடியாது. அந்தக் கேள்வியைச் சாவடியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து திரும்பவும் நண்பர்களின் வாயில் வைக்க வேண்டும். அதற்குப் பெரிய போராட்டம் ஒன்றும் தேவையில்லை. பக்கத்தில் இருக்கிறவரிடம் கேட்க வேண்டும். அவர் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

முடிக்காததைக் கதைத்த ஊர்

"முழுசா வாசிக்காமல் கதைக்கிறது பிழை" என்பது எங்கட மரபு என்று சிலர் எங்களுக்குச் சொன்னார்கள். எந்த மரபு?

எங்கட கோயில்களில் நடந்த புராண படிப்பை எடுங்கள். ஒருவர் பாட்டை வாசிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார். கந்தபுராணம் ஒரு இரவில் முடிகிற காரியம் இல்லை. நாள்கணக்காகப் போகும். ஒவ்வொரு நாளும் ஓரிடத்தில் நிறுத்துவார்கள். நிறுத்திய இடத்திலிருந்து வீட்டுக்குப் போகிற வழியிலும் அடுத்த நாள் கிணற்றடியிலும் சனம் அதைத்தான் கதைத்தது. சூரன் செத்த பிறகுதான் சூரனைப் பற்றிக் கதைக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

'பொன்னியின் செல்வன்' 1950 தொடக்கம் 1954 வரை 'கல்கி'யில் தொடராக வந்தது. இங்கேயும் அதற்குப் பெரிய வாசகர் கூட்டம் இருந்தது. ஒரு வீட்டுக்கு வந்த புத்தகம் ஒழுங்கை முழுக்கப் போய்வரும். கிழித்தெடுத்துக் கட்டி வைத்த தொடர்கள் இன்றைக்கும் சில வீடுகளில் இருக்கின்றன. அந்த வாசகர்கள் மூன்றரை வருடம் முடிக்காத ஒரு கதையைத்தான் ஒருவரோடு ஒருவர் பகிர்ந்தார்கள், சண்டை பிடித்தார்கள், அடுத்த கிழமை என்ன நடக்கும் என்று பந்தயம் பிடித்தார்கள். அவர்களைப் பார்த்து "முடிச்சிட்டுக் கதையுங்கோ" என்று சொல்ல முடியுமா? எழுதினவரே முடிக்கவில்லையே!

வாசிகசாலையை எடுங்கள். யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கிறது. காலமை ஒரு பத்திரிகை வந்தால் அதை நாலாகப் பிரித்து, முன்பக்கம் ஒருவர், நடுப்பக்கம் ஒருவர், விளையாட்டு ஒருவர். ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர் மறுத்துப் பேச, அந்தப் பத்திரிகையை முழுசாக வாசித்தவர் என்று அங்கே ஒருவரும் இருக்கமாட்டார். ஆனால் ஊரே அதை வாசித்திருக்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் கடதாசி இல்லாமல் 'உதயன்' கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சாகி வந்தது. ஜாம் போத்தல் விளக்கில் அதை வாசித்தவர்கள் எங்கட அம்மா அப்பாமார். ஒரு பிரதி எத்தனை கை மாறியிருக்கும் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

டொமினிக் ஜீவாவை எடுங்கள். சலூன் தொழிலாளியாக இருந்து எழுத வந்தவர். 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கி, அந்தச் சஞ்சிகையைத் தானே கையில் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத் தெருக்களில் திரிந்து விற்றவர். ஆள் பார்த்து, முகம் பார்த்து, கதை சொல்லிக் கொடுக்கிற பரிந்துரை அது. மேடையில் வைத்துக் கொடுக்கிற சிறப்புப் பிரதிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

இங்கே ஒன்றை மறைக்கக்கூடாது. இந்த மரபுகள் எல்லோருக்கும் திறந்து இருக்கவில்லை. புராணத்துக்குப் பயன் சொன்ன கோயிலுக்குள் யார் இருக்கலாம், யார் வெளியில் நிற்க வேண்டும் என்று இருந்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் போவதற்காகப் போராட வேண்டியிருந்தது. எந்தச் சனசமூக நிலையம் எந்தப் பகுதியாருடையது என்பதிலும் சாதி இருந்தது, இன்னும் இருக்கிறது. பெண்பிள்ளைகள் வாசிகசாலை வாங்கில் இருந்து பேப்பர் விரித்து வாசித்ததை எங்களில் ஒருவரும் கண்டதில்லை. ஆகவே "அந்தக் காலம் நல்ல காலம்" என்று நாங்கள் சொல்ல வரவில்லை. முடிக்காமல், கூடி இருந்து, கதைத்து வாசிப்பது எங்களுக்குப் புதிதில்லை என்று மட்டும் சொல்லுகிறோம். அதை இந்த முறை எல்லோருக்கும் திறந்து செய்வோம்.

நாங்கள் சிரித்த நாள்

அந்த பஸ் பயணத்துக்குப் பிறகு வியாழக்கிழமைகளில் கூடத் தொடங்கினோம். ஒரே ஒரு விதி: இப்போது வாசித்துக்கொண்டிருக்கிற புத்தகத்தைக் கொண்டு வர வேண்டும். முடித்ததைக் கொண்டுவரக்கூடாது. எந்தப் பக்கத்தில் நிற்கிறோம், அங்கே என்ன நடக்கிறது, ஏன் தொடர்கிறோம் அல்லது ஏன் விடப்போகிறோம் என்று ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கிழமையே பிழை விட்டோம். தென்மராட்சியிலிருந்து வருகிற ஒரு தோழி பையிலிருந்து ரமணிசந்திரன் நாவல் ஒன்றை எடுத்தாள். மேசையைச் சுற்றி ஒரு சிரிப்பு வந்தது. பெரிய சிரிப்பு இல்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. அவள் புத்தகத்தை உள்ளே வைத்தாள். அடுத்த மூன்று கிழமையும் வரவில்லை.

சிரித்தவர்கள் நாங்கள்தான். பெரியவர் பட்டியல் வாசித்ததற்குக் கோபப்பட்ட அதே நாங்கள். எங்களிடமும் ஒரு பட்டியல் இருந்தது. அதில் யார் யாருக்கு இடம் இல்லை என்பதை அந்தச் சிரிப்பில் சொல்லிவிட்டோம். போய் மன்னிப்புக் கேட்டோம். திரும்ப வந்த அன்று அவள் சொன்னாள்: "எங்கட வீட்டிலை அம்மா, பெரியம்மா, நான், மூண்டு பேரும் ஒரே புத்தகத்தை மாறி மாறி வாசிக்கிறம். சீதனத்தைப் பற்றி எங்கட அம்மா வாய் துறந்து கதைச்சது இந்தப் புத்தகங்களை வைச்சுத்தான்." எங்களில் எத்தனை பேர் எங்கட இலக்கியப் புத்தகங்களை வைத்து அம்மாவோடு ஒரு வரி கதைத்திருக்கிறோம்? அன்றைக்கு மேசையில் ஒருவரும் கதைக்கவில்லை.

இன்னொரு வியாழன். டானியலின் 'பஞ்சமர்' நாவலைப் பாதியில் வைத்திருந்த ஒருத்தி, "இதுக்குப் பிறகு வாசிக்கலாமோ தெரியேல்லை" என்று தொடங்கினாள். ஏன் என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதிலை வாற நயினார்மாரிலை ஒருத்தர் கதைக்கிறது அப்படியே எங்கட அப்பப்பா கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்றாள். ஒருவன், "உந்தச் சாதிக் கதையளை இப்ப ஏன் கிளறுறியள்" என்றான். இன்னொருவன், "உனக்கு அது கதை, எனக்கு அது வீடு" என்றான். அன்றைக்கு இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர் அடுத்த கிழமை வந்து, "அந்தப் புத்தகத்தை எனக்கு ஒருக்காத் தா" என்று கேட்டார்.

அவள் அந்த நாவலை முடித்துவிட்டு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தோம். 'ஈழத்துத் தலித் இலக்கியத்தின் முக்கியமான படைப்பு' என்று சொல்லியிருப்பாள். நாங்கள் தலையாட்டியிருப்போம். விரிவுரைக் குறிப்பிலும் அதுதான் இருக்கிறது. முடித்தவருக்குக் கருத்து தயாராக இருக்கும். நடுவில் நிற்கிறவர் இன்னும் தயாராகவில்லை, அதனால்தான் உண்மையைச் சொல்லுகிறார். இதற்காகத்தான் நாங்கள் முடிக்காத வாசிப்பைக் கேட்கிறோம்.

லிங்க் அனுப்பினால் பகிர்ந்ததாகுமா?

"நாங்களும் பகிர்கிறோம்தானே" என்று சிலர் சொல்லுவீர்கள். வட்ஸப் குழுவில் நாற்பது பீ.டி.எவ். ஒரே நேரத்தில் வந்து விழுகிறது. "நன்றி தோழர்" என்று பத்துப் பேர் கை கூப்புகிறார்கள். யாரும் திறப்பதில்லை. அனுப்பினவரும் திறக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையோடு அட்டைப்படம் எடுத்து இன்ஸ்ரகிராமில் போடுகிறோம். எத்தனையாவது பக்கம் என்று கேட்டால் கோபம் வருகிறது.

பீ.டி.எவ்.வுக்கு நாங்கள் எதிரி இல்லை. 2005இல் தன்னார்வமாகத் தொடங்கப்பட்ட 'நூலகம்' இணையத்தளம் இல்லாவிட்டால் எங்கட அரைவாசிப் பேரால் ஒப்படை எழுதவே முடியாது. எரிந்துபோன எத்தனையோ நூல்கள் இன்று வாசிக்கக் கிடைப்பதற்குக் காரணம், யாரோ ஒருவரின் வீட்டில், ஊரிலோ வெளிநாட்டிலோ, ஒரு பிரதி கைமாறிப் போய் மிஞ்சிக் கிடந்ததுதான். ஒரே இடத்தில் இருந்தது எரிந்தது, பல கைகளில் இருந்தது தப்பியது. ஆனால் அங்கே நூல்களைத் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றைத் திறந்து, "இந்தப் பக்கத்தைப் பார், எனக்கு நித்திரை வரேல்லை" என்று இன்னொருவருக்குச் சொல்லுவது எங்கட வேலை. அதை எந்த இணையத்தளமும் செய்து தராது. இப்போது எழுதிக்கொண்டிருக்கிற ஒருவரின் புதுப் புத்தகத்தைத் திருட்டுப் பிரதியாகச் சுற்ற விடுவது வேறு கதை. அது பகிர்வு இல்லை. அவர் அடுத்த புத்தகம் போடாமல் செய்கிற வேலை.

காசுப் பிரச்சினை இருக்கிறது, தெரியும். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு தமிழ்நாட்டுப் புத்தகங்களின் விலையைப் பார்த்தாலே கை பின்னுக்குப் போகிறது. அட்டையில் 400 என்று இந்திய விலை இருந்தால், இங்கே அதை நாலால் பெருக்கிச் சொல்லுகிறார்கள். மகாபொலக் காசில் சாப்பாடு, பஸ், போட்டோக்கொப்பி போக என்ன மிஞ்சும்? அதனால்தான் சொல்லுகிறோம், ஒரு புத்தகத்தை ஒருவர் வாங்கி ஒன்பது பேர் வாசிக்க வேண்டும். எங்களிடம் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கிறது. யார் புத்தகம், யாரிடம், எந்தத் தேதி என்று எழுதுகிறோம். இதுவரை இரண்டு புத்தகங்கள் திரும்பி வரவில்லை. அந்த இரண்டுக்காக மற்றவற்றைப் பூட்டி வைக்க நாங்கள் தயாரில்லை.

அரைகுறை அறிவா?

எங்களுக்குச் சொல்லப்பட்ட மறுப்புகளில் ஒன்று நியாயமானது. பாதி வாசித்துவிட்டுக் கதைத்தால் அரைகுறை விளக்கம் பரவும், எழுத்தாளருக்கு அநியாயம் நடக்கும் என்பது. சரி. ஒரு நூலுக்கு விமர்சனம் எழுதுகிறவர் முழுவதும் வாசித்துத்தான் ஆக வேண்டும். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நாங்கள் கேட்பது தீர்ப்பு இல்லை. "நான் இங்கே நிற்கிறேன், எனக்கு இப்படித் தெரிகிறது, நீ வந்து பார்" என்பதற்கும் "இந்த நாவல் தோல்வி" என்பதற்கும் தூரம் இருக்கிறது. சொல்லப்போனால் வெளியீட்டு மேடைகளில்தான் வாசிக்காமலே தீர்ப்பு வழங்கப்படுகிறது. நாங்கள் குறைந்தபட்சம் எத்தனையாவது பக்கம் என்றாவது சொல்லுகிறோம்.

பெரியவர்களின் பட்டியல்கள் வேண்டாமா என்று கேட்டால், வேண்டும். ஆனால் பட்டியலோடு இன்னொன்றும் வேண்டும். நீங்கள் இப்போது எதை வாசித்துத் தடுமாறுகிறீர்கள் என்று சொல்லுங்கள். எங்கட விரிவுரையாளர் ஒருவர் ஒரு நாள் வகுப்புக்கு வந்து, "இரவு ஒண்டு வாசிச்சனான், எனக்கு வடிவா விளங்கேல்லை" என்று ஐந்து நிமிடம் கதைத்தார். அந்த வகுப்பில் என்ன படித்தோம் என்பது மறந்துபோனது. அவருக்கு விளங்காத அந்தக் கட்டுரையை அந்தக் கிழமையே ஏழு பேர் தேடி எடுத்தோம்.

"சோதனை கிட்டுது, இதுக்கெல்லாம் நேரம் இல்லை" என்பது மூன்றாவது மறுப்பு. அதற்கு எங்களிடம் பதில் இல்லை. எங்களுக்கும் சோதனை கிட்டுகிறது.

அடுத்த ஜூன் 1

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். அடுத்த முறை எரிந்த நூலகத்தின் படத்தைப் போடும்போது, அதற்குக் கீழே இரண்டு வரி கூட எழுதுங்கள். இப்போது என்ன வாசிக்கிறீர்கள், எத்தனையாவது பக்கம். வாசிக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிறகு வீட்டு அலுமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, பக்கத்து வீட்டிலோ பஸ்ஸிலோ வகுப்பிலோ ஒருவரிடம் கொடுங்கள். அதற்குப் பேச்சு ஒன்றும் வேண்டாம், படமும் வேண்டாம். "கொண்டுபோய் வாசி, பேந்து தா" என்றால் போதும். 1933இல் அவ்வளவும்தான் நடந்தது.

எங்கட பக்கத்தை இப்போதே சொல்லிவிடுகிறோம். இதை எழுதுகிற இன்று எங்கட பைகளில் இருப்பவை:

சயந்தனின் 'ஆதிரை', 212ஆம் பக்கம். இடையில் இரண்டு முறை மூடி வைத்தாயிற்று. வாசிக்க ஏலாமல் இருக்கிறது, ஆனால் விடவும் மனமில்லை.

ஷோபாசக்தியின் 'கொரில்லா', இரண்டாம் தரம். முதல் தரம் சிரித்த இடங்களில் இந்த முறை சிரிப்பு வரவில்லை.

'ஜீவநதி' பழைய இதழ் ஒன்று, அட்டை இல்லை. யாருடையது என்று தெரியவில்லை, உரியவர் கேட்டால் தருவோம்.

'பஞ்சமர்', பாதிக்குக் கொஞ்சம் அப்பால். இப்போது கோபித்துக்கொண்டு போனவரிடம் இருக்கிறது.

ரமணிசந்திரன், கடைசி அத்தியாயம். அடுத்து பெரியம்மாவின் முறை.

நீங்கள் இப்ப என்ன வாசிக்கிறியள்?